சண்டையா, கொடுமையா: மகளிர் குழுக் கூட்டத்துல எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

#1 வலைக்கயிறு

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் ஊர்ல இருந்து சாயல்குடி வரைக்கும் கரையோர ஊர்க் குழுக்களுக்கு ஒரு பயிற்சி தயார் பண்ணிட்டு இருக்கோம். கூட்டத்துக்கு 40 நிமிஷம். வர்றவங்க பாசி எடுக்குறவங்க, கருவாட்டு வியாபாரம் பண்றவங்க, உப்பளத்துக்குப் போறவங்க, வீட்டோட இருக்குறவங்க. அடி உதைன்னா எல்லாருக்கும் தெரியும். அடிக்காம வார்த்தையால, மிரட்டலால, காசைப் பிடிச்சு வச்சு ஒரு ஆளை முடக்கிப் போடுறதைத்தான் யாரும் கொடுமைக் கணக்குல சேர்க்கிறதில்ல. "எந்த வீட்டுல சண்டை இல்ல"ன்னு ஒரு பெரியம்மா சொன்னா அத்தோட பேச்சு முடிஞ்சுது.

வீட்டுச் சண்டையும் இதுவும் எந்த இடத்துல பிரியுது? கூட்டத்துல என்ன கேள்வி கேக்கலாம்? யாரும் எழுந்து சொந்தக் கதை சொல்லவேண்டிய நிலைமை வராம நடத்தணும், மறுநாளே ஊர் பூராம் பரவிடும். இங்கயும் அப்படித்தான்: சொந்தக் கதை, பக்கத்து வீட்டுக் கதை வேணாம். இந்தக் கரையில ஊர் பேரும் படகு நிறமும் சொன்னாலே ஆளைக் கண்டுபிடிச்சிருவாங்க.

#2 துடுப்பு64

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கரையில பேச்சே சத்தம்தான். எஞ்சின் ஓடுறப்ப படகு முன்பக்கம் அணியத்துல நிக்கிறவன் காதுல விழணும்னா கத்தித்தான் ஆகணும், அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்தும் இறங்காது. பொம்பளைகளும் ஏலத்துல கத்தி விலை பேசுறவங்கதான். கெட்ட வார்த்தை கொஞ்சுறதுக்கும் வரும், வையிறதுக்கும் வரும். "குரலை உயர்த்தினால் வன்முறை"ன்னு யாரோ எழுதுன பாடத்தைக் கொண்டுவந்து படிச்சீங்கன்னா பாதிக் கூட்டம் சிரிச்சுட்டு எழுந்து போயிடும்.

#3 உப்புக்காற்று

துடுப்பு அண்ணன் சொல்வதில் முக்கால்வாசி சரி. சத்தத்தை அளந்தால் இரண்டு பக்கமும் தப்பு வரும். கத்திச் சண்டை போட்டுவிட்டு அரை மணியில் ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுகிறவர்களைக் கொடுமைக் கணக்கில் எழுதிவிடுவோம். குரலே உயராமல், "போறதுன்னா போ, நீ வரும்போது கதவு திறந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது" என்கிற ஆளைத் 'தங்கமான மனுஷன்' என்று விட்டுவிடுவோம்.

நான் கூட்டங்களில் வைக்கச் சொல்கிற கேள்வி இதுதான்: "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க சாதாரணமாச் செஞ்சு, இப்ப 'வம்பு எதுக்கு'ன்னு விட்டது என்னென்ன?" வாயால் சொல்ல வேண்டாம், மடியில் கையை வைத்து விரலை மடக்கினால் போதும். அக்கா வீட்டுக்குப் போவது, குழுக் கூட்டத்துக்கு வருவது, பிடித்த நிறத்தில் புடவை எடுப்பது, அம்மாவோடு போனில் பத்து நிமிடம் பேசுவது, சபையில் ஒரு கருத்துச் சொல்வது. வேலைக்காகவோ பிள்ளைக்காகவோ விட்டதை எண்ணக் கூடாது. ஒருவருடைய முகம் மாறுமே என்ற பயத்தில் விட்டதை மட்டும் எண்ண வேண்டும். சண்டையில் இரண்டு பேரும் ஏதாவது விட்டுக்கொடுப்பார்கள், அடுத்த வாரம் அதே பேச்சை மறுபடி எடுக்கவும் தயங்க மாட்டார்கள். கொடுமை இருக்கும் வீட்டில் ஒரே ஆளின் விரல்தான் மடங்கிக்கொண்டு போகும்.

பேச்சின் வகைகளை வகுப்பு மாதிரி நடத்தாமல், காதில் விழுந்த வாசகமாகவே சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்த வாசகங்கள்தான்.

"உன் மூஞ்சில முழிச்சுட்டுப் போனேன், வலை வெறுசா வந்துருக்கு." ராசியின் பெயரால் பழி. கடல் தராததற்கும் அவளே பொறுப்பு. இதற்குப் பதிலே கிடையாது, ஏனென்றால் அவள் செய்த காரியம் என்று எதுவும் அதில் இல்லை, அவள் இருப்பதே குற்றம்.

"நான் அப்படிச் சொல்லவே இல்ல. உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு." படித்தவர்கள் கேஸ்லைட்டிங் என்பது இதைத்தான். ஒருமுறை மறந்து சொல்வது வேறு. நடந்ததைத் திரும்பத் திரும்ப இல்லை என்று சாதித்து, அவள் தன் ஞாபகத்தையே நம்பாமல் பிள்ளையிடம் "அப்பா அப்படிச் சொன்னாருல்ல?" என்று சாட்சி கேட்கும் நிலைக்குக் கொண்டுவருவது வேறு.

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன், இதுக்குப் போய் அழுவாங்களா." விளையாட்டு என்றால் நிறுத்தச் சொன்னதும் நின்றுவிடும். நாலு பேர் முன்னால் மட்டும் நடக்கிற விளையாட்டும், எப்போதும் ஒரே ஆள்மேல் விழுகிற விளையாட்டும் விளையாட்டு இல்லை.

"என்னை இப்படிப் பேச வச்சதே நீதான்." குறையைச் சொல்லப் போனவரே கடைசியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவார். முதலில் மறுப்பு, பிறகு எதிர்த் தாக்கு, பிறகு பாதிக்கப்பட்டது தானே என்று புலம்பல். இந்த வரிசை மாறாது. பேச்சு எந்தக் குறையில் தொடங்கியதோ அது கடைசிவரை பேசப்பட்டிருக்காது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

#4 வார்டுநர்ஸ்

புறநோயாளிப் பிரிவுல பயன்படுத்துற ஒரு சின்ன அளவுகோல் இருக்கு, பேரு ஹிட்ஸ். நாலே கேள்வி: துணைவர் எத்தனை தடவை உடம்புல வலி உண்டாக்குறார், இழிவாப் பேசுறார், அடிப்பேன்னு மிரட்டுறார், கத்துறார் அல்லது கெட்ட வார்த்தையில வையிறார். ஒவ்வொண்ணுக்கும் 'இல்லவே இல்ல' 1, 'அடிக்கடி' 5. மொத்தம் 4ல இருந்து 20 வரைக்கும் வரும். 10ஐத் தாண்டினா மேல விசாரிக்கணும்.

இதை அப்படியே கூட்டத்துக்குக் கொண்டுபோனா ஒரு சிக்கல் உண்டு. அடி 1, மிரட்டல் 1, கத்தல் 3, இழிபேச்சு 5ன்னு ஒரு அம்மா போட்டா கூட்டுத்தொகை சரியா 10. தாண்டலை! தினமும் அவமானப்படுறவங்க "ஒண்ணுமில்ல"ன்னு வீட்டுக்குப் போயிடுவாங்க. காசு, போன், போக்குவரத்து எதையும் அது கேக்கவும் இல்ல. அதனால தேசிய குடும்ப நல ஆய்வுல கேக்குற கேள்விகளைப் பக்கத்துல வச்சுக்கங்க. மனசு சம்பந்தமா மூணு: பிறர் முன்னால அவமானப்படுத்துறாரா, உங்களையோ உங்களுக்கு வேண்டியவங்களையோ துன்புறுத்துவேன்னு மிரட்டுறாரா, உங்களைப் பத்தி நீங்களே தாழ்வா நினைக்கிற மாதிரி பேசுறாரா. கட்டுப்பாடு சம்பந்தமா ஆறு: வேற ஆம்பளைகூடப் பேசினா பொறாமை அல்லது கோபம், நடத்தையில சந்தேகம் சொல்றது, தோழிகளைப் பாக்க விடாதது, பொறந்த வீட்டோட தொடர்பைக் குறைக்கிறது, எந்நேரமும் எங்க இருக்கன்னு கேட்டே ஆகணும்ங்கிறது, பணத்துல நம்பிக்கை வைக்காதது.

இதுக்கு மார்க் போட வேணாம். ஆறுல மூணு நாலு ஒரே வீட்டுல சேர்ந்து நிக்குதான்னு பாத்தாப் போதும்.

#5 வலைக்கயிறு

பேசாம இருக்குறதை எதுல சேர்க்கிறது அக்கா? மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நாலு நாள் பேசாத வீடுதான் இங்க நிறைய. அடிக்கலை, வையலை, பேசலை, அவ்வளவுதானேங்கிறாங்க.

#6 உப்புக்காற்று

கோபம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து போவது நல்லதுதான். நெஞ்சுப் படபடப்பு அடங்கவே குறைந்தது 20 நிமிடம் வேண்டும், அதற்கு முன் பேசினால் வார்த்தை தடிக்கும். அப்படிப் போகிறவர் "இப்பப் பேச முடியல, சாயங்காலம் பேசுவோம்" என்பார், சாயங்காலம் பேசவும் செய்வார். தண்டனையாக வாயை மூடுகிறவர் எப்போது முடியும் என்று சொல்ல மாட்டார். சோற்றைத் தொட மாட்டார், "உங்கம்மாட்ட சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவார், வெளியாள் வந்தால் மட்டும் சிரித்துப் பேசுவார். அவள் செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். நாலு நாளா நாலு மணி நேரமா என்பது இரண்டாவது விஷயம். அது எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

இதில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மாமியாரும் நாத்தனாரும் சேர்ந்து ஒரு மருமகளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருப்பதும் இதே கணக்குத்தான்.

#7 துடுப்பு64

சரி, ஒத்துக்கிறேன். ஆனா மீன்பிடித் தடைக்காலத்தையும் பாக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில கிடக்கும். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபா, அதுவும் வர்றப்ப வரும். வலை, எஞ்சின் வேலைக்கு வியாபாரிகிட்ட வாங்குன முன்பணம் கழுத்துல நிக்கும். மனுஷன் கடுகடுன்னுதான் இருப்பான். சாயந்தரமானா குடி வேற. அதையும் கொடுமைன்னு எழுதினா கரையில ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்.

#8 வார்டுநர்ஸ்

நியாயமான கேள்விண்ணே. ஒரு தினசரிக் காலண்டரும் பென்சிலும் இருந்தாப் போதும், பாத்துடலாம். மோசமான நாள்ல ஒரு புள்ளி. தடைக்காலத்துல புள்ளி கூடி, ஜூன் 15க்கு மேல படகு இறங்கி ரெண்டு மூணு நடை மீன் பாடு கிடைச்சதும் குறைஞ்சா அது பணக் கஷ்டம். நிவாரணம் வந்த அன்னைக்கும் புள்ளி, நல்ல இறால் பாடு வந்த அன்னைக்கும் புள்ளி, அவ அம்மா வந்துட்டுப் போன மறுநாள் கண்டிப்பா புள்ளின்னா அதுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்ல. காலண்டர்ல வெறும் புள்ளிதான் இருக்கணும், எழுத்து வேணாம். பால் கணக்கு மாதிரி தெரியணும். நாட்டுப்படகு வீடுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவங்களுக்குத் தடைக்காலம் இல்ல.

குடிக்கு வேற சோதனை. குடிச்சுட்டு அவர் படகு முதலாளிய வையிறாரா? ஏலக்கடைக்காரர? போலீஸ்காரர? யாரையும் வையாம, வீட்டு வாசல் வரைக்கும் நாக்கைக் காப்பாத்திக் கொண்டுவந்து உள்ள நுழைஞ்சதும் அவிழ்த்து விடுறாருன்னா, எங்க அடக்கணும்னு அவருக்கு நல்லாத் தெரியுது. குடியை நிறுத்த வைத்தியம் இருக்கு, அது வேணும்தான். ஆனா குடி நின்னா இதுவும் தானா நிக்கும்னு யாரும் வாக்குக் கொடுக்காதீங்க. போதை இல்லாத நாள்லயும் போனை வாங்கிப் பாக்குற ஆளுக்கு அது தனி வியாதி.

#9 கீழக்கரைப்பொண்ணு

விசைப்படகு வீட்டை மட்டும் பேசுறீங்க. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ஆள் வளைகுடா நாட்டுல இருப்பார், கொடுமை போன் வழியா வரும். வாட்ஸ்அப்புலயோ ஐமோவுலயோ வீடியோ கால். "கேமராவைத் திருப்பு, யாரு இருக்கா பாக்கணும்." மூணாவது ரிங்குக்குள்ள எடுக்கலைன்னா அன்னைக்கு ராத்திரி பூராம் விசாரணை. கடைக்குப் போனா லைவ் லொகேஷன் போட்டுட்டுப் போகணும். பிரிஞ்சு இருக்குறவருக்கு ஏக்கம் இருக்கும்தான், யாரும் இல்லைங்கல. ஏக்கம்னா "சாப்பிட்டியா"ன்னு கேக்கும். பக்கத்துல யாருன்னு கேக்குறது காவல்.

எங்க பக்கம் பல குடும்பத்துல பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளை வந்து தங்குற வழக்கம். "வீட்டை விட்டு வெளிய போ"ங்கிற மிரட்டல் அங்க செல்லாது. அதுக்குப் பதிலா "தலாக் அனுப்பிடுவேன்", "செலவுக்குப் பணம் வராது", "உன் ஃபோட்டோவைக் குடும்ப குரூப்புல போட்டு நாறடிச்சுருவேன்". இடத்துக்கு ஏத்த மாதிரி மிரட்டல் மாறும், அதனால வகுப்புல ஒரே பட்டியலை எல்லா ஊருக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க லாத்தா.

போன் விஷயத்துல உடனே செய்ய வேண்டியது: வாட்ஸ்அப் அமைப்புல 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' திறந்து பாருங்க. தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இருந்தா அவர் உங்க செய்தியெல்லாம் படிச்சுட்டு இருக்கார். கூகுள் மேப்ஸ்ல இடப் பகிர்வையும் பாருங்க. ஆனா பாத்த உடனே வெட்டி விட்டுராதீங்க! வெட்டின நிமிஷம் அங்க தெரிஞ்சுடும், கோபம் கூடும். முதல்ல முக்கியமான பேச்சை வேற ஆள் போனுக்கு மாத்திட்டு, பத்திரமான இடம் பாத்துக்கிட்டு அப்புறம் வெட்டுங்க.

#10 வார்டுநர்ஸ்

இந்த மாவட்டத்துக்குன்னே ஒரு மிரட்டல் இருக்கு, அதைக் கூட்டத்துல கண்டிப்பா எடுக்கணும்: "பைத்தியம்னு சொல்லி ஏர்வாடியில கொண்டுபோய் விட்டுருவேன்." 2001 ஆகஸ்ட் 6ல ஏர்வாடியில மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டியிருந்த 28 பேர் இறந்தது இங்க எல்லார் மனசுலயும் இருக்கு, அதனால இந்த வார்த்தைக்கு இங்க தனிப் பயம்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வந்த பிறகு சங்கிலியில கட்டுறது அடியோட தடை. புருஷன் சொன்னார்ங்கிறதுக்காக யாரையும் மனநல மருத்துவமனையில சேர்க்க முடியாது. சம்மதம் இல்லாம சேர்க்கணும்னா ரெண்டு நிபுணர்கள் தனித்தனியாப் பரிசோதிச்சுச் சொல்லணும், அதுவும் முதல்ல 30 நாளுக்குத்தான். தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுறதை வச்சு ஒருத்தரைப் புத்தி சரியில்லாதவர்னு முடிவு கட்டக் கூடாது, அதை நீதிமன்றம்தான் சொல்லணும்னு அதே சட்டத்துல 3ஆம் பிரிவுல இருக்கு. இதைச் சொல்லி வைக்கலைன்னா "மாத்திரை வாங்கினா பைத்தியம்னு எழுதிடுவார்"னு பயந்து பல பேர் சிகிச்சைக்கே வரமாட்டாங்க. மனநல உதவி எண் டெலி மனஸ் 14416க்குத் தமிழ்லயே பேசலாம், காசு இல்ல.

#11 கறுப்புக்கோட்டு

சட்டப் பகுதியை நான் எழுதுகிறேன். கூட்டத்தில் பிரிவு எண்களை வாசிக்க வேண்டாம், பயிற்சி தருபவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அதன் 3ஆம் பிரிவு வன்முறையை உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என்று நான்காகப் பிரிக்கிறது. அடியே விழாமல் வழக்குப் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இழிவுபடுத்தல், பட்டப்பெயர் சொல்லித் திட்டுதல், பிள்ளை இல்லை அல்லது ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுதல், வேண்டியவர்களைத் துன்புறுத்துவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுதல் எல்லாம் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. 'மலடி' என்ற ஒரு சொல்லுக்கு இந்தக் கரையில் எவ்வளவு செலாவணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருளாதார வன்முறையை விரிவாகச் சொல்லுங்கள், இங்கே அதுதான் அதிகம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறும், ஏ.டி.எம். அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கும், குறுஞ்செய்தி அவன் போனுக்குப் போகும். குழுக் கடன் அவள் பெயரில், எடுத்துப் போவது அவன், தவணை நாளில் குழுவின் முன் தலைகுனிவது அவள். நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, வீட்டுப் பொருளை விற்பது, வேலைக்குப் போக விடாதது. இதற்கு வங்கியில் செய்ய வேண்டியது இரண்டு: கணக்கில் பதிந்த கைபேசி எண்ணை மாற்றுவது, பழைய அட்டையை முடக்கிப் புது அட்டையும் ரகசிய எண்ணும் வாங்குவது. இரண்டையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும். எண்ணை மட்டும் மாற்றி அட்டையை விட்டுவைத்தால் அன்று இரவே பணம் போய்விடும்.

யார் கேட்கலாம்: மனைவி, தாய், சகோதரி, விதவை, திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்பவர். யார்மீது: 2016இல் உச்ச நீதிமன்றம் 'வயதுவந்த ஆண்' என்ற சொற்களை நீக்கிவிட்டதால் மாமியார், நாத்தனார் மீதும் கேட்கலாம். எங்கே: அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றத்திலும் கேட்கலாம். தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டு தங்கச்சிமடத்தில் தாய்வீட்டுக்கு வந்திருப்பவர் திரும்ப அங்கே அலைய வேண்டியதில்லை.

வழி இது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார். 12ஆம் பிரிவின்கீழ் நீதித்துறை நடுவரிடம் மனு. முதல் விசாரணை 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் 60 நாள் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை, ஆகவே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவை முதல் மனுவோடேயே கேட்டுவிடுங்கள். இதைக் கேட்காமல் விடுவதுதான் நான் பார்க்கும் மனுக்களில் பெரிய ஓட்டை. பாதுகாப்பு, வசிப்பிடம், பணம், பிள்ளை, இழப்பீடு என்று 18 முதல் 22 வரை தனித்தனி உத்தரவுகள் உண்டு. எது எது வேண்டும் என்று எழுத வேண்டும், எழுதாதது கிடைக்காது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, 15100க்கு அழைக்கலாம்.

இது சிறையில் தள்ளும் சட்டம் இல்லை, நிறுத்தச் சொல்லும் சட்டம். துடுப்பு அண்ணனின் 'எல்லோரையும் கேஸில் மாட்டுவது' பயத்துக்கு இதுவே பதில். குற்ற வழக்கு வேறு: 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 85, 86. அங்கே மனக் கொடுமைக்கும் 3 ஆண்டு வரை உண்டு, ஆனால் தேவைப்படும் நிரூபணமும் அதிகம்.

#12 வலைக்கயிறு

நீதிமன்றத்துக்கு முன்னாடி எல்லாரும் போறது ஊர்க் கமிட்டி, ஜமாஅத், பங்குச் சாமியார். அங்க "அனுசரிச்சுப் போம்மா"ன்னு முடிச்சு வைப்பாங்க. அதை வேணாம்னு சொல்லவும் முடியாது, ஊர்ல வாழணுமே.

#13 உப்புக்காற்று

வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. உட்காரும் விதத்தை மாற்றச் சொல்லலாம். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து "ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க" என்பது சாதாரணப் பிணக்குக்குச் சரி. பயம் இருக்கும் இடத்தில் அவள் மனசு விட்டுப் பேசினால் அந்தப் பேச்சுக்கு வீட்டில் வேறு கணக்குத் தீர்க்கப்படும். பேசாவிட்டால் "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்றாகிவிடும். முதலில் தனித்தனியாகக் கேட்கட்டும், அவளோடு ஒரு பெண் இருக்கட்டும். முடிவு "ஒத்துமையா இருங்க" என்று இல்லாமல், கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்: அட்டையைத் திருப்பித் தர வேண்டும், மாதம் ஒருமுறை தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும், நகைச் சீட்டைக் கொடுக்க வேண்டும், 15 நாள் கழித்து இரண்டு பேர் வந்து தனியாக விசாரிப்பார்கள். எழுதிக் கையெழுத்து. 'இனி வழக்குப் போக மாட்டேன்' என்ற வரிக்கு அவள் கையெழுத்துப் போடவே கூடாது.

#14 கறுப்புக்கோட்டு

உப்புக்காற்று சொன்னதற்குச் சட்டத்திலேயே துணை இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006 விதிகளில் 14ஆம் விதிப்படி நடக்கும் ஆலோசனையில், செய்த வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்த்தரப்புக்கு இடம் தரக் கூடாது. "அவ வாயாடி, அதான் வைதேன்" என்பதை அங்கே பேசவே முடியாது.

எல்லா மதத்தாருக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மனக் கொடுமை இந்து, கிறிஸ்தவ, சிறப்புத் திருமணச் சட்டங்களில் மணவிலக்குக் காரணம், ஆணும் கேட்கலாம். முஸ்லிம் பெண்களுக்கு 1939 சட்டமே, அடிக்காமல் நடத்தையால் வாழ்க்கையைத் துயரமாக்கினாலும் அது கொடுமை என்று சொல்லிவிட்டது.

#15 தோணித்துறை

குறிப்பு எழுதி வைக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையே. எப்படி எழுதினா நிக்கும்?

#16 கறுப்புக்கோட்டு

தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் பக்கத்தில் இருந்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது. "கேவலமாகத் திட்டினார்" என்று எழுதினால் நீதிமன்றத்தில் அதற்கு எடை கிடையாது. எழுதக் கூச்சமாக இருந்தாலும் அந்தச் சொல்லையே எழுத வேண்டும். அன்றன்றே எழுதியதற்கு மதிப்பு அதிகம். ஆறு மாதத்தை ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

குரல் செய்திகளை அழிக்காதீர்கள், அனுப்பியவர் அழிப்பதற்குள் நம்பிக்கையான ஒருவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். திரைப்பிடிப்பில் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். நீதிமன்றத்தில் வைக்க புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமம் 63(4)இன் சான்றிதழ் தேவை, ஆகவே பதிவான மூலப் போனை விற்றுவிட வேண்டாம். கணவன் மனைவி வழக்கில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சையும் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பதிவு செய்ய வேண்டுமென்றே சண்டையை மூட்டாதீர்கள், அது பதிவிலேயே தெரியும்.

காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தால் அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

#17 வார்டுநர்ஸ்

குறிப்பேடு வீட்டுல இருக்கக் கூடாது. அரிசி டிரம்முக்குள்ள வைக்கலாம்னு நினைப்பாங்க, அங்கதான் முதல்ல தேடுவாங்க.

இன்னொண்ணு அவசரம். வார்த்தையிலயே நிக்கிற கொடுமை எப்பவும் அப்படியே நிக்கும்னு இல்ல. இதெல்லாம் வந்தா வகுப்பு, காலண்டர் எல்லாத்தையும் விட்டுட்டுப் பாதுகாப்பைப் பாக்கணும்: கழுத்துல கை வச்சது, ஒரு தடவையானாலும். கத்தி, மண்ணெண்ணெய் காட்டி மிரட்டுறது. வளர்க்குற நாயை, ஆட்டை அடிச்சுக் காட்டுறது. கர்ப்பமா இருக்குறப்ப மோசமாகுறது. "எனக்கு இல்லைன்னா யாருக்கும் இல்ல"ங்கிற பேச்சு. அவ கிளம்பப் போறான்னு தெரிஞ்ச பிறகு வர்ற நாட்கள்தான் ரொம்ப ஆபத்து, அதனால கிளம்புறதை முன்கூட்டிச் சொல்லிட்டுக் கிளம்பக் கூடாது.

"நீ போனா கடல்ல விழுந்து செத்துருவேன்"னா அதை உண்மையாவும் எடுத்துக்கணும், தன் தலைமேலயும் போட்டுக்கக் கூடாது. அவசர எண் 112, அவரோட அண்ணன் தம்பி, 14416, இப்படி வேற கைக்கு மாத்தணும். அவளே காவல் உக்காந்தா அந்த மிரட்டல் வாரம் ஒரு தடவை வரும்.

விசைப்படகு வீடுன்னா பேசப் போறதுக்கும் பொருள் எடுக்குறதுக்கும் மீன்துறை டோக்கன் போட்டு அவர் கடலுக்குப் போற நாள்தான் நேரம். எடுக்க வேண்டியது: ஆதார், வங்கிப் புத்தகம், ஸ்மார்ட் கார்டு நகல், பிள்ளைங்க பிறப்புச் சான்று, திருமணப் பதிவு நகல் (பங்குப் பதிவேடோ நிக்காஹ் பதிவோ எதுவானாலும்), அடகுச் சீட்டு, எந்த நகை எத்தனை சவரன் யார் போட்டதுன்னு ஒரு பட்டியல், ஒரு வார மாத்திரை, பஸ் காசு. இதெல்லாம் ஒரே நாள்ல பையில போகாம, ஒவ்வொண்ணா ரெண்டு வாரத்துல நகலாப் போகட்டும். தங்க இடம் இல்லைன்னா ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கு, 5 நாள் வரைக்கும் தங்கலாம், மகளிர் உதவி எண் 181ல கேட்டா வழி சொல்வாங்க.

#18 தோணித்துறை

வயசான அப்பா அம்மாவை மகன் மருமகள் இப்படிப் பேசினா?

#19 கறுப்புக்கோட்டு

தாய் என்றால் 2005 சட்டமே போதும். தந்தைக்கும் சேர்த்து 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம், மனு கோட்டாட்சியரிடம். பராமரிப்புத் தொகை மாதம் 10,000 வரை. முதியோர் உதவி எண் 14567. வீட்டை எழுதி வைக்கும் பத்திரத்தில் 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். அது இருந்தால் 23ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம்.

#20 வலைக்கயிறு

நல்லது. 40 நிமிஷத்துக்கு இப்படி வச்சிருக்கேன்: விரல் மடக்குற கேள்வி 10 நிமிஷம், வாசகங்கள் 15, காலண்டர் புள்ளியும் குடிச் சோதனையும் 5, வங்கி அட்டை 5, எண்கள் 5. தடைக்கால ஊர்களுக்கும் வளைகுடா ஊர்களுக்கும் வாசகம் தனித்தனி. சட்டம் தனியாக் கேக்குறவங்களுக்கு மட்டும். கடைசியில எண்கள் அச்சடிச்ச ஒரு அட்டை கொடுக்கலாம்னு இருக்கோம். 'குடும்ப வன்முறை உதவி எண்கள்'னு தலைப்பு.

#21 கீழக்கரைப்பொண்ணு

அந்தத் தலைப்போட அட்டையை யாரு வீட்டுக்குக் கொண்டுபோவாங்க லாத்தா? வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் போவாங்க. 'அவசர எண்கள்'னு போடுங்க. 108 ஆம்புலன்ஸ், கரண்டு புகாருக்கு மின்னகம் 94987 94987, 112, நடுவுல 181, 14416, 15100. பக்கத்துல பேரு வேணாம், 181க்கு 'மகளிர்'னு மட்டும் போதும். கூப்பிட்ட பிறகு அழைப்புப் பட்டியல்ல அழிக்கணும்னு வாயால சொல்லிக் கொடுங்க.

#22 துடுப்பு64

அட்டையில மேல கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093 ரெண்டையும் பெரிய எழுத்துல போடுங்க. கடலுக்குப் போற வீட்டுல அந்த எண் இருக்குற அட்டையை எந்த ஆம்பளையும் கிழிக்க மாட்டான், அவனே சாமி படத்துக்குப் பக்கத்துல ஒட்டி வைப்பான். அச்சடிக்கிற செலவுல பாதி எங்க சங்கத்துல கேட்டு வாங்கித் தர்றேன். மழைக்காத்துல நனையும், பிளாஸ்டிக் உறை போட்டுருங்க.